காயத்திலிருந்து ஓட்டத்திற்கு: மெதுவோட்டப் பயிற்சியின் வரலாறு

காயத்திற்குப் பிந்தைய ஓட்டப் பயிற்சி என்பது எலும்பு முறிவு, ஜவ்வுக் கிழிவு, மூட்டுச் சிதைவு போன்றவற்றிலிருந்து மீள்பவர் நடையில் தொடங்கிப் படிப்படியாக ஓட்டத்துக்குச் செல்லும் முறையாகும். அதுவரை ஓடியே பழகாத பலர், காயம் ஆறிய பிறகுதான் ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். புதியவர்களுக்கு இன்று சொல்லித் தரப்படும் மெதுவோட்டமும், நடையும் ஓட்டமும் கலந்த பயிற்சியும், பெருமளவு நோயிலிருந்தும் காயத்திலிருந்தும் மீண்டவர்களிடையே வளர்ந்தவை. நியூசிலாந்தில் தொடங்கிய இந்த வழக்கத்துக்குத் தமிழ்நாட்டிலும் தனியான வரலாறு உண்டு.

ஓய்வே மருந்தாக இருந்த காலம்

19ஆம் நூற்றாண்டில் அடிபட்ட காலுக்கு மருத்துவர்கள் கூறிய முதல் மருந்து ஓய்வு. இங்கிலாந்தின் லிவர்பூலில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), முறிந்த உறுப்பை நீண்ட காலம் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். காலை அசையாமல் தாங்கிப் பிடிக்க அவர் உருவாக்கிய கட்டு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிரான்சில் லூக்கா-சாம்பியோனியே அதற்கு எதிரான கருத்தைக் கொண்டிருந்தார். அளவான அசைவு முறிவை விரைவில் ஆற்றும் என்பது அவர் வாதம்.

1892ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் எலும்பைப் பற்றிய தமது விதியை நூலாக வெளியிட்டார். தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பது அதன் சாரம். சுமை இல்லாத எலும்பு மெலிகிறது. அளவான சுமை தொடர்ந்து விழும் எலும்பு வலுப்பெறுகிறது. மாவுக்கட்டைப் பிரிக்கும்போது ஒரு கால் மற்றதைவிட மெலிந்திருப்பதைக் காணாதவர்கள் குறைவு. அது தசைக்கும் இதே நிலைதான் என்பதைக் காட்டும்.

தமிழ்நாட்டில் எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் இன்றும் உள்ளது. கட்டு எதுவாயினும், அது பிரிக்கப்பட்ட பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை. 'பார்த்து நட' என்பதோடு மருத்துவம் முடிந்துவிடும்.

மறுவாழ்வு மருத்துவமும் வேலூரும்

இந்த இடைவெளியை நிரப்பிய துறை மறுவாழ்வு மருத்துவம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க், காயம்பட்ட படைவீரர்களைப் படுக்கையிலேயே விட்டுவிடாமல் உடற்பயிற்சியிலும் கல்வியிலும் ஈடுபடுத்தினார். போருக்குப் பின் நியூயார்க்கில் அவர் அமைத்த மறுவாழ்வு நிலையம் உலகெங்குமிருந்து மருத்துவர்களை ஈர்த்தது.

அங்கே பயின்றவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் (1925–1986). 1954ஆம் ஆண்டு நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன் பின் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960களின் தொடக்கத்தில் வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். அங்கு 1966இல் மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மேரி வர்கீஸ் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும், விபத்துக்குப் பிந்தைய மாதங்களும் ஆண்டுகளும் மருத்துவத்தின் பொறுப்பே என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியதில் அவர் பணிக்குப் பெரும் பங்குண்டு.

ஆக்லாந்து: மெதுவோட்டத்தின் பிறப்பு

நியூசிலாந்தின் முர்ரே ஹால்பெர்க் (1933–2022) இளமையில் ரக்பி ஆடியவர். ஓர் ஆட்டத்தில் ஏற்பட்ட கடுமையான காயத்தால் அவருடைய இடது கை வாழ்நாள் முழுவதும் சூம்பிப்போயிற்று. ரக்பியைத் தொடர முடியாத நிலையில், அடுத்த ஆண்டு பொழுதுபோக்காக ஓடத் தொடங்கினார். பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைச் சந்தித்த பின் அது தீவிரப் பயிற்சியாக மாறியது. 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் ஹால்பெர்க் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் மற்றொரு மாணவர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். 1963இல் ஊனமுற்ற சிறுவர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றை ஹால்பெர்க் தொடங்கினார்.

லிடியார்டின் முறைக்கு அடிப்படை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவது. வீரர்களுக்குப் பயன்பட்ட இதனை, அவர் நடுத்தர வயதினருக்கும் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கும் ஏற்றபடி எளிமையாக்கினார். 1962இல் ஆக்லாந்தில் மெதுவோட்டக் குழு உருவானது. இதய நோயாளிகள் ஓய்வாகவே இருக்க வேண்டும் என்பது அன்றைய பொதுக் கருத்து. அதனால் இம்முயற்சி துணிச்சலானதாகக் கருதப்பட்டது.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மன் அந்த ஆண்டின் இறுதியில் ஆக்லாந்து வந்து, லிடியார்டின் அழைப்பின்பேரில் அக்குழுவோடு ஓடினார். தம்மைவிட வயதில் மிக மூத்த, இதய நோயிலிருந்து மீண்ட ஒருவருக்குக்கூட ஈடுகொடுக்க முடியாமல் அவர் பின்தங்கினார். ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கு மெதுவோட்ட வகுப்புகளைத் தொடங்கினார். இதயநோய் மருத்துவர் வால்டோ ஹாரிஸுடன் இணைந்து அவர் எழுதிய 'ஜாகிங்' என்ற நூல் 1967இல் வெளிவந்து, அச்சொல்லை அமெரிக்கா முழுவதும் பரப்பியது.

பின்னர் வந்த இரண்டு ஏற்பாடுகள் புதியவர்களுக்கான ஓட்டத்தை மேலும் எளிதாக்கின. 1996இல் அமெரிக்காவின் ஜோஷ் கிளார்க் உருவாக்கிய 9 வாரத் திட்டம், வாரத்தில் 3 நாள், முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டமும் 90 விநாடி நடையும் மாறிமாறிச் செய்து, இறுதியில் 5 கி.மீ. ஓடவைப்பது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹெவிட் 13 பேரை வைத்து நடத்திய 5 கி.மீ. ஓட்டம், 'பார்க்ரன்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. காயத்தால் தாம் ஓட முடியாதிருந்த காலத்தில், நண்பர்களோடு உள்ள தொடர்பு அறுந்துவிடாமல் இருக்கவே அவர் அதைத் தொடங்கினார்.

இந்தியாவில் இரு ஓட்டக்காரர்கள்

மேஜர் தேவேந்தர் பால் சிங் 1999 ஜூலை 15 அன்று, கார்கில் போரின்போது அக்னூர் பகுதியில் பீரங்கிக் குண்டு அருகே வெடித்துப் படுகாயமடைந்தார். இறந்துவிட்டதாகவே முதலில் கருதப்பட்டவர் உயிர் பிழைத்தார். வலது கால் அகற்றப்பட்டது. 2009இல் டெல்லி அரை மாரத்தானில் செயற்கைக் காலுடன் 21.1 கி.மீ. தொலைவை நிறைவு செய்தார். ஓட்டத்துக்கென வடிவமைக்கப்பட்ட பிளேடு வகைக் கால் அவருக்கு அதன் பிறகே கிடைத்தது. இந்தியாவின் முதல் பிளேடு ஓட்டக்காரர் என்று அறியப்படும் அவர், உறுப்பிழந்தோருக்கான குழு ஒன்றை 2011இல் தொடங்கினார்.

தமிழ்நாட்டில் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு மா. சுப்பிரமணியன். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்த இவர், 2021 மே மாதம் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவர். 2004இல் நடந்த சாலை விபத்தில் அவருடைய முழங்கால் மூட்டு கடுமையாகச் சிதைந்தது. நீரிழிவும் இருந்தது. யோகாசனமும் நடையுமாகத் தொடங்கி, ஐம்பது வயதைக் கடந்த பிறகே அவர் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்தார். அதன் பின் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். தம் அனுபவத்தை 'ஓடலாம் வாங்க' என்ற நூலாக எழுதினார்.

இவ்விருவரின் வரலாற்றிலும் காயத்துக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 10 ஆண்டுகள் உள்ளன. மேடைகளில் விபத்தும் வெற்றியும் அடுத்தடுத்துச் சொல்லப்படுவதால் இந்த இடைவெளி கவனத்துக்கு வருவதில்லை. எழுந்து நிற்பது, ஊன்றுகோலை விடுவது, படி ஏறுவது, நடையின் தொலைவைக் கூட்டுவது என்று அமைவதே மீட்சியின் பெரும்பகுதி. ஓட்டம் அதன் கடைசிப் படி.

மூச்சு முந்தும், மூட்டு பிந்தும்

நடையில் எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் இரு பாதங்களும் காற்றில் இருக்கும் கணம் உண்டு. அதனால் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரையான விசை காலில் இறங்குகிறது. நன்றாக நடக்க முடிவதாலேயே ஓடவும் முடியும் என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே முன்னேறுகின்றன. எலும்பு இணைவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். அது பழைய வலிமை பெற மேலும் பல மாதங்கள் தேவை. இரத்த ஓட்டம் குறைந்த ஜவ்வும் தசைநாணும் இன்னும் மெதுவாகவே தேறுகின்றன. மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று தொலைவைக் கூட்டும் புதியவருக்கு மறுபடி காயம் ஏற்படுவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான்.

ஆகவே இயன்முறை மருத்துவர்கள் நாள் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. அரை மணி நேரம் வலியின்றி நடக்க முடிகிறதா, மூட்டில் வீக்கம் இல்லையா, அடிபட்ட கால் மற்றக் காலுக்கு ஏறக்குறைய இணையான வலுவோடு உள்ளதா, ஒற்றைக் காலில் குதித்து இறங்க முடிகிறதா என்று சோதித்த பின்பே நடையோடு கலந்த ஓட்டத்தை அனுமதிக்கிறார்கள். ஓடிய மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய படிக்குத் திரும்புவது வழக்கம்.

ஓய்வு பற்றிய கருத்தும் மாறியிருக்கிறது. 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று பெயரிட்டார். விளையாட்டு மைதானங்களில் அது விதியாகவே நிலைத்தது. முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

விருதுநகர் மாவட்டமும் கிருஷ்ணன்கோவிலும்

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதையும் உள்ளடக்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டிருந்தது. 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அடையாளம் காணப்பட்டது. இவற்றை வரிசைப்படுத்தினால், விபத்திலிருந்து நடைவரை ஒரு தொடர்ச்சி தெரிகிறது.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கிருஷ்ணன்கோவில், 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரியால் மாணவர் நிறைந்த ஊராயிற்று. அக்கல்லூரி இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இத்தகைய ஊர்களில் விடியற்காலையில் ஓடுபவர்களில் காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் இளைஞர்கள் ஒரு வகை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கணுக்கால் சுளுக்கிய இளைஞருக்குத் தேர்வு நாள் நெருங்கும்போது காத்திருப்பது எளிதன்று. முழுதாக ஆறாத காலோடு வேக ஓட்டத்துக்குத் திரும்பினால், இந்த ஆண்டின் தேர்வோடு அடுத்த ஆண்டின் தேர்வும் கைவிட்டுப் போகலாம்.

மற்றொரு வகையினர், மருத்துவர் சொன்னதால் நடக்க வரும் நடுத்தர வயதினர். ஆக்லாந்துக் குழுவில் ஓடியவர்களுக்கு நெருக்கமானவர்கள் இவர்களே. இருவகையினருக்கும் தளம் முக்கியம். நெடுஞ்சாலையின் ஓரம் வெளிப்பக்கம் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். வாகன ஆபத்தும் உண்டு. காயம் ஆறிவரும் காலுக்குச் சமமான மண் மைதானம் ஏற்றது. கோடையில் வெயில் ஏறும் முன்பே முடித்துக்கொள்வதும் நல்லது. தொடங்கும் நாளில் 60 விநாடி ஓட்டமும் அதைவிட நீண்ட நடையும் போதுமானவை.