மூடிய கதவும் இளம் ஆய்வாளரும்

1936-ஆம் ஆண்டு கோடையில், சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள கைஷியான்கோங் என்ற சிற்றூரில் 25 வயது இளைஞர் ஒருவர் தங்கினார். அவர் பெயர் ஃபெய் ஷியாவோதோங். பட்டு விலை வீழ்ச்சியால் அவ்வூர்க் குடும்பங்களின் வருவாய் எவ்வாறு குலைந்தது என்பதை மக்களிடமே கேட்டறிந்தார். அக்குறிப்புகளைக் கொண்டு லண்டன் பொருளாதாரப் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றார். 1939-இல் அது நூலாக வெளிவந்தது. சீனக் கிராமப் பொருளாதாரத்தை அறிய விரும்புவோர் இன்றும் அதை நாடுகின்றனர்.

நான் கல்லூரியில் வளர்ச்சிப் பொருளாதாரம் பயிற்றுவித்த ஆண்டுகளில், சீனாவைப் பற்றி மாணவர்களுக்குச் சொன்னவற்றில் பெரும்பகுதி இத்தகைய கள ஆய்வுகளிலிருந்து பெற்றதே. ஐரோப்பாவில் இன்று அதே பணியைத் தொடங்கும் இளம் ஆய்வாளர்களின் நிலை கவலை அளிக்கிறது.

2020 மார்ச் 28 அன்று, பெருந்தொற்றைக் காரணம் காட்டி, வெளிநாட்டவர் வருகையைச் சீனா நிறுத்தியது. வருவோரைத் தனிமைப்படுத்தும் விதி 2023 ஜனவரி 8 அன்றுதான் நீங்கியது. இடைப்பட்ட காலம் 33 மாதங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கே கிடைக்கும். ஆக, தாம் ஆராயும் சமூகத்தை நேரில் காணாமலேயே ஆய்வேட்டை முடிக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

தடைக்குத் தொற்று மட்டுமே காரணமன்று. 2021 மார்ச்சில், ஷின்ஜியாங் மனித உரிமை மீறல்களுக்காகச் சீன அதிகாரிகள் நால்வர் மீதும் ஓர் அமைப்பின் மீதும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே சீனா அறிவித்த பதில் தடைப் பட்டியலில், பெர்லினில் உள்ள மெர்காட்டர் சீன ஆய்வு நிறுவனமும் இடம்பெற்றது. 2023 ஏப்ரலில், சிஎன்கேஐ என்னும் சீனக் கல்வித் தரவுத்தளம், ஆய்வேடுகள், புள்ளிவிவர ஆண்டு நூல்கள் முதலியவற்றை வெளிநாட்டு நூலகங்கள் பலவற்றுக்கு வழங்குவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் உளவுத் தடுப்புச் சட்டத்தின் எல்லை விரிந்தது. தேசப் பாதுகாப்பு தொடர்பான தரவு எது என்பதில் அச்சட்டம் தெளிவாக இல்லை. பேட்டி எடுப்பவரைவிட, பேட்டி அளிக்கும் சீனக் குடிமகனுக்கே இதில் ஆபத்து அதிகம்.

ஐயம் ஐரோப்பாவிலும் உண்டு. சீன அரசின் உதவித்தொகையை மட்டுமே நம்பி வரும் ஆய்வாளர்களை ஏற்பதை ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகம் 2023-இல் நிறுத்தியது. பாதுகாப்பு கருதிய முடிவுதான். ஆனால், கூட்டாய்வுக்கான வாயில்களில் ஒன்று அங்கும் குறுகியது.

இளம் ஆய்வாளர்கள் சோர்ந்துவிடவில்லை. அரசு அறிவிக்கைகளையும் சமூக ஊடகங்களையும் தொலைவிலிருந்தே படிக்கின்றனர். இத்தாலியின் பிராட்டோ நகரில் ஆடைத் தொழில் நடத்தும் சீனக் குடும்பங்கள், 2016-இல் சீனாவின் காஸ்கோ நிறுவனத்தின் கைக்கு வந்த கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகம் எனச் சீனாவை ஐரோப்பாவிலேயே ஆராய்வதும் உண்டு. இவை பயனுள்ளவை, எனினும், கள ஆய்வுக்கு ஈடாகா.

2023 ஜூனில் சீன நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் அப்புள்ளிவிவர வெளியீடு நிறுத்தப்பட்டு, மாணவர்களை நீக்கிய புதிய கணக்குமுறையுடன் 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. எண் மறைந்தாலும், வேலையற்ற பட்டதாரியின் வீட்டுக்குச் சென்றவர் உண்மையை அறிவார். அதுவும் இயலாவிடில், அரசு சொல்லும் சீனாவும் அதன் எதிரிகள் சொல்லும் சீனாவும் மட்டுமே எஞ்சும்.

அறிவும் ஒரு மூலதனமே. புதிய முதலீடு இல்லையேல் தேயும். மூத்த அறிஞர்களுக்குப் பழைய நட்புகளும் குறிப்பேடுகளும் உண்டு. இளையோருக்கு அவை இல்லை. சீனாவைக் கூட்டாளி, போட்டியாளர், மாற்று ஆட்சிமுறையை முன்னிறுத்தும் எதிராளி என ஒருசேர வரையறுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு ஆவணம். எவ்விஷயத்தில் எது பொருந்தும் என்று இருபது ஆண்டுகள் கழித்து அரசுகளுக்கு அறிவுரை கூறப்போவோர் இன்றைய ஆய்வு மாணவர்களே. ஆகவே, மொழிப் பயிற்சிக்கும் நீண்ட காலத் தங்கலுக்கும் ஏற்ப உதவித்தொகைக் காலத்தை ஐரோப்பா நீட்டிக்க வேண்டும்.

சீனாவுக்கும் இதில் நன்மை உண்டு. 1980-களில் அங்குக் கிராமத் தொழில்கள் தழைத்தபோது, ஃபெய்யின் கருத்துகள் மீண்டும் கவனம் பெற்றன. சிற்றூர் ஒன்று ஓர் இளைஞருக்குத் திறந்த கதவால் பயன்பெற்றது அந்நாடும்தான்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).