சானடோரியம் ஸ்டேஷனும் போகிப் புகையும்

செங்கல்பட்டுல ஏறி தாம்பரம் தாண்டி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கறவன் நான். ஆபீஸ் மெப்ஸ்ல. அந்த மஞ்சள் போர்டுல இருக்கற 'சானடோரியம்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஆறு வருஷமா யோசிச்சதே இல்ல. போன போகிக்கு விடியக்காலையில அம்மாவுக்கு வீசிங். நெபுலைசர் மாட்டி உட்கார வச்சிருந்தோம். மாஸ்க்கைக் கழட்டிட்டு, "உங்க தாத்தா எட்டு மாசம் தாம்பரம் காத்து வாங்கித்தான் பொழைச்சார், தெரியுமா"ன்னாங்க. தாத்தாவுக்கு டி.பி. இருந்ததே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அப்புறம் தேடிப் படிச்சதுதான் கீழே.

டி.பி.க்கு மருந்தே இல்லாத காலத்துல சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்ளோதான் வைத்தியம். அதுக்கான இடம்தான் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அப்படி ஒன்றை நடத்தினார். 1917-ல் கணிதமேதை ராமானுஜன் கொஞ்ச நாள் அங்கே நோயாளியாக இருந்தார். (அவருக்கு வந்தது டி.பி.தானா என்பதே இன்னிக்கு சந்தேகம். ஜன்னலைத் திறந்துபோட்டு இங்கிலாந்து குளிர்ல படுக்க வச்சதுதான் மிச்சம்.) அதே முத்து ஊர் திரும்பி, 1928-ல் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு தாம்பரம் சானடோரியத்தை ஆரம்பித்தார். 1937-ல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதாவது, மெட்ராஸ்காரன் நல்ல காற்று தேடி வந்த இடம் எங்க செங்கல்பட்டு ஜில்லா!

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச திருப்பம் இனிமேதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். ஒரே மருந்தை (ஐசோநயாசிட், பி.ஏ.எஸ்.) ஒரு குழுவுக்கு சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு வீட்டிலேயே. வீடுன்னா, நெரிசலான ஏழை வீடு, சரியான சாப்பாடும் கிடையாது. 1959-ல் முடிவு வெளிவந்தது: ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். குணமாக்கினது மாத்திரை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதுக்கு சென்னையில் நடந்த இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம்.

தாம்பரம் மூடல. இன்னிக்கும் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆனா 'அங்கே காத்து நல்லா இருக்கணும்' என்ற கட்டாயம் அன்னிக்கே போயிடுச்சுன்னு எனக்குத் தோணுது. பக்கத்துல ஜி.எஸ்.டி. ரோடு அகலமாச்சு, பம்மல் பக்கம் கல்குவாரி வந்தது, 1984-ல் மெப்ஸ் வந்தது. எனக்கு சோறு போடற இடம், அதனால ரொம்பத் திட்ட முடியாது :-)

சரி, போகி. ஜனவரி நடுவுல வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிவா இருக்கும், ராத்திரி காற்றே அசையாது. தரை சீக்கிரம் குளிர்ந்துடும். அதை ஒட்டின காற்றும் குளிர்ந்து கனமாகி கீழேயே தங்கிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துக்கும். ஏரிகளோட ஈரம் வேற. அந்த மூடிக்குள்ள நாம டயர் கொளுத்தறோம். 2018 ஜனவரி 13, போகி அன்னிக்கு மீனம்பாக்கத்துல ஓடுபாதையே தெரியாம பல விமானங்களை வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. நுண்துகள் பி.எம். 2.5-க்கு நம்ம நாட்டு வரம்பு, 24 மணி நேர சராசரியா, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15.

அந்த மூடியைத் திறக்கறது வெயிலும் கடல் காற்றும்தான். கடல் காற்று முதல்ல கரையில இறங்கும், அப்புறம்தான் உள்ளே வரும். அதனால மாமல்லபுரத்துல சித்தி வீட்ல காத்து அடிக்க ஆரம்பிச்ச பிறகும் செங்கல்பட்டுல நாங்க ரொம்ப நேரம் காத்திருக்கணும். அன்னிக்கு அம்மாவை பஸ் ஏத்தி அங்கேதான் கூட்டிட்டுப் போனேன். மத்தியானம் கடற்கரைக் கோயில் பக்கம் உட்கார்ந்து அம்மா சாதாரணமா மூச்சு விட்டாங்க. தாத்தாவுக்கு தாம்பரம், அம்மாவுக்கு மாமல்லபுரம். நல்ல காத்து ஒரு தலைமுறையில முப்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிடுச்சு.

ஒண்ணு ஒத்துக்கணும். ஏழாவது படிக்கும்போது எங்க தெருவுல டயர் சேகரிக்கற டீமுக்கு நான்தான் கேப்டன். மெக்கானிக் கடை வாசல்ல கெஞ்சி அஞ்சு டயர் வாங்கின வருஷமும் உண்டு. அப்பவும் அம்மாவுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் 'சளி' பிடிக்கும்.

இந்த வருஷம் அப்பா பழைய பாயைக் கொளுத்தல. சுருட்டி மொட்டைமாடியில போட்டு வச்சிருக்கார். அதுல ஒரு பூனை குட்டி போட்டிருக்கு.