கிக்குலியின் நாட்கட்டளையும் புதுப்பரிக்கு இடும் பணியின் அளவும்

போருக்கோ பயணத்துக்கோ உரிய குதிரையைப் பழக்கத் தொடங்குவார் முன் எக்காலத்தும் எழும் வினா ஒன்று உண்டு. தொடக்க நாள்களில் அதற்கு எவ்வளவு பணி இடலாம் என்பதே அவ்வினா. பணி குறைந்தால் குதிரை வலுப்பெறாது. மிகுந்தால் காலும் நுரையீரலும் கெடும், மனமும் முரண்படும். இதற்கு எழுத்தில் விடை தந்த நூல்களுள் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது கிக்குலி என்பானின் நூலாகும். அந்நூல் கூறும் அளவுகளை எங்ஙனம் கொள்ளுதல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலும் அதன் வரலாறும்

இன்றைய துருக்கி நாட்டின் போகாசுகலே என்னும் ஊரையடுத்து, இட்டைட்டுப் பேரரசின் தலைநகராகிய அட்டுசா மண்ணுள் புதைந்து கிடந்தது. 1906ஆம் ஆண்டு முதல் ஊகோ விங்கிளரும் தியோடர் மக்ரிதியும் அங்கு நடத்திய அகழ்வில் பல்லாயிரம் களிமண் ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றின் மொழி இந்தோ-ஐரோப்பிய இனத்தது என்பதை 1915இல் செக்கு நாட்டு அறிஞர் பெத்ரிக் குரோசுனி நிறுவினார். கிக்குலியின் நூல் இவ்வேட்டுத் தொகுதியைச் சேர்ந்தது. நன்னிலையிலுள்ள ஏடுகள் நான்கு. அவற்றின் வரிகள் ஏறத்தாழ 1080. நூல் தோன்றிய காலம் கி.மு. 1400ஐ ஒட்டியது என்பர். 1961இல் அன்னெலீசு காமன்ஊபர் என்னும் செருமானிய அம்மையார் இட்டைட்டுக் குதிரைநூல்களைத் திரட்டி மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தபின் ஆய்வு உறுதியான அடிப்படை பெற்றது.

நூலின் தொடக்கத்தில் கிக்குலி தன்னை மித்தன்னி நாட்டுப் பரிப்பயிற்சியாளன் என்று அறிவித்துக்கொள்கிறான். அவன் தன் தொழிலுக்கு வழங்கும் ‘அசுசுசன்னி’ என்னும் பெயரில் குதிரையைக் குறிக்கும் வடசொல்லாகிய ‘அசுவ’ என்பதன் உறவு காணப்படும். பயிற்சிச் சுற்றுகளை ஐக, தேர, பன்ச, சத்த, நவ என எண்ணி, அவற்றோடு ‘வர்தன்ன’ என்னும் சொல்லை இணைத்து வழங்குகிறான். இவை முறையே ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது சுற்றுகளைக் குறிப்பன. இட்டைட்டு மொழியில் எழுதப்பெற்ற நூலுள் இவ்வயற்சொற்கள் நிலைபெற்றிருத்தல், குதிரைக்கலை அந்நாட்டுக்குப் பிறர்வழி வந்தமையைக் காட்டும். மொழியறிஞர் பலரும் இந்நூலை இச்சொற்களுக்காகவே நாடினர். அதனால் அது கூறும் பயிற்சிமுறை பெரும்பான்மையும் அடிக்குறிப்பளவில் நின்றுவிட்டது.

2. அளவையால் நேரும் இடர்

இலையுதிர் காலத்தில் மேய்ச்சலுக்கு விடப்பெறும் குதிரைகளை ஏர்க்காலில் பூட்டுவதோடு பயிற்சி தொடங்குகிறது. முதற்கண் மூன்று ‘தன்ன’ தொலைவு மிதவோட்டம்; ஏழு ‘இக்கு’ பாய்ச்சல்; மீளும்போது பத்து ‘இக்கு’ பாய்ச்சல். பின்னர்ப் பூட்டவிழ்த்து, உடலைத் தேய்த்து, நீர் காட்டி, இலாயத்தில் கட்டி, கைப்பிடி அளவாகத் தீனி கலந்து தருதல் வேண்டும். முதல்நாட் கட்டளையின் சாரம் இதுவே.

ஈண்டுத் ‘தன்ன’ என்பது எத்துணைத் தொலைவு? பாபிலோனிய அளவையைக் கொள்வார்க்கு அது ஏறத்தாழ 10.8 கிலோமீட்டர், ‘இக்கு’ 60 மீட்டர். இட்டைட்டு ஏடுகளின் உட்சான்றைக் கொள்வார்க்குத் ‘தன்ன’ ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர், ‘இக்கு’ 15 மீட்டர். முன்னதன்படி முதல்நாள் மிதவோட்டம் 32 கிலோமீட்டரைக் கடக்கும். பின்னதன்படி அது 4.5 கிலோமீட்டரே. ஒன்றற்கு ஒன்று ஏழு மடங்கு வேறுபாடு!

இவ்வேறுபாடு சிறிதன்று. புல்லுண்டு திரிந்த குதிரையை முதல்நாளே 32 கிலோமீட்டர் ஓட்டுவது பயிற்சி ஆகாது. தாங்காதவற்றைக் கழித்துவிடும் கடுஞ்சோதனையே ஆகும். 4.5 கிலோமீட்டராயின் அஃது இளகிய தொடக்கம். கிக்குலி கொடியவனா, கனிந்தவனா என்னும் முடிபே இவ்வொரு சொல்லின் பொருளைப் பற்றி நிற்கிறது. குதிரைகளைக் கொன்று தேர்ந்தெடுத்தவன் என்றும், இக்கால மெய்ப்பயிற்சி அறிவியலை முன்கண்டவன் என்றும் அவன் இருவகையாகப் பேசப்படுவதற்கும் இதுவே காரணம்.

தமிழாய்வார்க்கு இவ்விடர் புதியதன்று. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் எழுநூற்றுக் காவதம் என்று அடியார்க்கு நல்லார் சிலப்பதிகார உரையுள் கூறினார். காவதம் என்பதற்கு எவ்வளவு கொள்வது என்பதைப் பொறுத்தே கடல்கொண்ட நிலத்தின் பரப்பு பெருகியும் சுருங்கியும் வந்துள்ளமையை நாம் அறிவோம். எண் நூலாசிரியர் தந்தது. அலகு நாம் இட்டுக்கொண்டது. பழநூல் எண்களைக் கையாள்வார் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

3. அலகு மாறினும் மாறாதது

ஆயின், அலகு துணியப்படுங்காறும் இந்நூலால் பயனில்லை என்று ஒதுக்குதல் பொருந்தாது. தொலைவை விட்டு விகிதத்தை நோக்குவோமாயின் வேறொரு வழி புலப்படும்.

பாபிலோனிய அளவையில் ஒரு தன்ன 180 இக்கு. மூன்று தன்ன 540 இக்கு. இட்டைட்டு அளவையில் ஒரு தன்ன 100 இக்கு. மூன்று தன்ன 300 இக்கு. முதல்நாட் பாய்ச்சல் இருமுறையும் சேர்ந்து 17 இக்கு. ஆகவே பாய்ச்சல் மிதவோட்டத்தில் முன்னதன்படி ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பின்னதன்படி ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்கு. எவ்வளவையைக் கொள்ளினும், தொடக்கநாட் பணி பெரும்பாலும் மெல்லோட்டமே, விரைவு அதன்மேல் தெளித்த உப்பளவே என்னும் முடிபு அசையாது நிற்கிறது.

தொடக்க நாள்களுள் மற்றொன்றன் கட்டளையை இதனோடு ஒப்பிடுக. அதில் மிதவோட்டம் இரண்டு தன்னவாகக் குறைகிறது. பாய்ச்சலோ போகும்போது 20 இக்கு, மீளும்போது 30 இக்கு என உயர்கிறது. விரைவைக் கூட்டியவன் தொலைவைக் குறைத்தான் என்பது இதனால் பெறப்படும். அன்றியும், அந்நாளில் ஓட்டம் முடிந்ததும் குதிரைக்குப் போர்வை இட்டு வியர்க்கச் செய்து, உப்பிட்ட நீரும் முளைகட்டிய தானிய நீரும் தந்து, ஆற்றில் ஒருமுறைக்கு மேலும் கழுவி நீந்தவிடல் வேண்டும் எனக் கூறப்படுகிறது. பாய்ச்சல் மிக்க நாளில் ஆற்றுவிக்கும் முறையும் மிக்கது. வியர்வையோடு உப்பு கழியும் என்பதை இன்று உடலியல் விளக்கும். அவ்வுப்பை மீட்டுத் தருதல் வேண்டும் என்பதைக் கிக்குலி பட்டறிவால் கண்டிருந்தான்.

கிக்குலியின் முறை முழுதும் மென்மையானதென்று யாம் கூறவில்லை. தீனியும் நீரும் மறுக்கும் நாள்களும், இரவில் ஓட்டும் நாள்களும் நூலுள் உள. எனினும் முழு ஓய்வு தரும் நாள்களும் அவற்றோடு உள. பயிற்சி நாள்களைச் சிலர் 184 என்றும் சிலர் 214 என்றும் கணக்கிடுவர். எப்படிப் பார்ப்பினும் ஆறு திங்களுக்குக் குறையாது. இந்நீட்சி பொருளுடையது. குதிரையின் தசையும் நெஞ்சுப்பையும் சில கிழமைகளில் வலுப்பெற்றுவிடும். எலும்பும் தசைநாணும் வலுப்பெறத் திங்கள் பல வேண்டும். மூச்சு வாங்காமல் ஓடுகிறது என்று கண்டு பணியை விரைந்து கூட்டினால், முதலில் முறிவது காலே.

ஆத்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த ஆன் நைலாண்டு அம்மையார் 1991-92இல் இம்முறை முழுவதையும் ஏழு திங்கள் குதிரைகளைக் கொண்டு நடத்திப் பார்த்தார். பாய்ச்சல்களுக்கு இடையிடையே தளர்வு தந்து மீளப் பாயவிடும் இடைவெளிப் பயிற்சியை அவர் இந்நூலுட் கண்டார். ஏட்டில் உள்ளதைக் களத்தில் சோதித்த இம்முயற்சி சொற்பொருளாய்வுக்கு நல்ல துணை. ஆயினும் களத்தில் குதிரை தாங்கியது என்பது கொண்டே அலகு இதுதான் எனத் துணிதல் ஆகாது.

4. அகவையும் மனமும்

கிக்குலி பேசும் குதிரைகள் முதன்முதல் பூட்டப்படும் இளம்பரிகளா, முன்பே பழகி மேய்ச்சலால் தளர்ந்தவையா என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. ஆதலின் அவன் கட்டளையை இளங்குட்டிக்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். இக்குறையை நிரப்பும் பிற்கால நூல்கள் இரண்டு.

அருத்தசாத்திரத்தின் இரண்டாம் பகுதியிலுள்ள குதிரைத் தலைவன் பற்றிய இயல் குட்டியின் வளர்ச்சியை உணவால் அளக்கிறது. மூன்றாண்டு வரை வாற்கோதுமையின் அளவு திங்கள்தோறும் ஏறும். நான்காண்டு வரை அது ஒரு துரோணம். நான்கு அல்லது ஐந்து அகவையிலேயே குதிரை முழுவளர்ச்சி பெற்றுப் பணிக்கு உரியதாகும் என்பது அந்நூலின் துணிபு. தேர்க்குதிரைக்கு ஆறு, ஒன்பது, பன்னிரண்டு யோசனை என வழித்தொலைவு வகுக்கும் பகுதி இதன்பின்னரே வருகிறது. முதலில் அகவை, பின்னரே தொலைவு என்னும் வைப்புமுறை நோக்கத்தக்கது. குதிரையின் முன்னங்கால் ஆரை எலும்பின் கீழ்முனை இரண்டு அல்லது இரண்டரை ஆண்டில் வளர்ச்சி நிறைய, முதுகெலும்பு நிறைதற்கு ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆகும் என்று இன்றைய கால்நடை மருத்துவம் கூறுவது இதற்கு அரணாகும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டுச் செனபோன் எழுதிய குதிரையேற்ற நூல் தொலைவையே பேசவில்லை. மகனைத் தொழில் கற்க ஒப்படைப்பார் போலக் குட்டியைப் பயிற்சியாளனிடம் ஒப்படைத்து, அது என்னென்ன கற்றுத் திரும்புதல் வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுமாறு அவர் பணிக்கிறார். குட்டி வாதுவனோடு இருக்கையில் பசியும் நீர்வேட்கையும் தணிய வேண்டும். கூட்டத்துக்கும் ஓசைக்கும் அஞ்சாதிருக்க அதனை அவற்றினூடே நடத்திச் செல்ல வேண்டும். கருதியவாறு செய்தபோது பணியை அத்துடன் நிறுத்தி இளைப்பாற விடுவதே அவர் கருத்தில் தக்க பரிசு. பணியின் எல்லையை இவர் குதிரையின் மனத்தில் வைத்தார்.

5. முடிபு

இம்மூன்று நூல்களும் தம்முள் முரணுவன அல்ல. ஒரே வினாவை மூன்று பக்கத்தினின்றும் அளந்தவை. எப்போது தொடங்குவது என்பதை அருத்தசாத்திரமும், எப்போது நிறுத்துவது என்பதைச் செனபோனும், இடைப்பட்ட நாள்களை எங்ஙனம் பகுப்பது என்பதைக் கிக்குலியும் கூறினர். கிக்குலியிடம் நாம் பெறத்தக்கது மூன்று தன்ன என்னும் எண் அன்று. விரைவு கூடின் தொலைவு குறைக, உழைப்பு கூடின் ஆற்றுதல் கூடுக என்னும் ஒப்புமுறையே. அலகு பற்றிய வழக்கு எவ்வாறு தீரினும் இம்முறை கெடாது.

மூவாயிரத்து நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு தொழிலாளியைக் கொடியவன் என்றோ முன்னோடி என்றோ தீர்ப்பளிக்குமுன், அவன் எழுதிய எண்ணையும் நாம் இட்ட அலகையும் பிரித்தறிதல் நம் கடன். காவதத்தைக் கொண்டு நிலம் அளப்பார்க்கும் இக்கடன் உண்டு.