வயது வந்தோர் கல்வி: ஒரு முதுநிலைப் படிப்பின் வரலாறு

வயது வந்தோர் கல்வி, வாழ்நாள் கற்றல் (முதுநிலைப் படிப்பு): பள்ளிப் பருவம் கடந்தவர்கள் எதை, ஏன், எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, அவர்களுக்குக் கற்பிப்போரையும் கல்வித் திட்டங்களை நடத்துவோரையும் உருவாக்கும் பல்கலைக்கழகப் பாடத்துறை. எம்.ஏ., எம்.எட்., பிஎச்.டி. எனப் பல பட்டங்களாக வழங்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் பிறந்து ஊருக்குள் போன துறை அல்ல இது. இரவுப் பள்ளியிலும் தொழிற்சங்கக் கூடத்திலும் தலைமுறைக் கணக்கில் வேலை நடந்த பிறகுதான் பல்கலைக்கழகம் இதற்கு நாற்காலி போட்டது. அந்த நாற்காலிக்கான பணமும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது: ஓர் அறக்கட்டளை, ஓர் அரசு இயக்கம், ஓர் ஐந்தாண்டுத் திட்டம். துறையின் ஏற்ற இறக்கங்களுக்குப் பாடத்திட்டத்தைவிட இந்தப் பணவழியே அதிகம் விளக்கம் தருகிறது.

நாட்டிங்காம் தொடக்கம்

1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்கு வெளியே விரிவுரைகள் நடத்த ஒப்புக்கொண்டது. இதற்காக வாதாடியவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். முதல் விரிவுரைகள் நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் ஆகிய தொழில் நகரங்களில் நடந்தன. நாட்டிங்காமில் அதற்குக் கிடைத்த வரவேற்பே 1881-இல் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி எழக் காரணமாயிற்று. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் 1903-இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். விரிவுரை கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவது கல்வியாகாது என்பது அவர் கட்சி.

அதன் பயனாக 1908-இல் லாங்டன், ராச்டேல் ஆகிய ஊர்களில் மூன்றாண்டு வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர், பின்னாளில் பொருளாதார வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆர். எச். டானி. வெள்ளி மாலை லாங்டனில் மட்பாண்டத் தொழிலாளர்களுக்கு வகுப்பு. மறுநாள் ராச்டேலில் நெசவாலைத் தொழிலாளர்களுக்கு. ஒரு மணி நேரம் ஆசிரியர் பேச வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் மாணவர்கள் அவரோடு வழக்காட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் கட்டுரை எழுதித் தர வேண்டும். ஆலையில் நாளெல்லாம் நின்றவர்கள் இதற்கு உடன்பட்டார்கள் என்பதுதான் வியப்பு. இன்றைய எம்.ஏ. பாடத்திட்டங்கள் ‘பங்கேற்புக் கற்றல்’ என்று எடுத்துக்காட்டும் முறைகளில் பாதி இந்த இரண்டு ஊர்களில் ஏற்கெனவே நடந்தவை.

முதல் உலகப் போர் முடிந்ததும், மறுசீரமைப்பு அமைச்சகத்தின் குழு 1919-இல் வெளியிட்ட அறிக்கை, பல்கலைக்கழகங்கள் இதற்கெனத் தனித் துறை அமைக்க வேண்டும் என்றது. நாட்டிங்காம் 1920-இல் துறையைத் தொடங்கியது. அதன் தலைவர் ராபர்ட் பியர்ஸ் 1922-இல் பேராசிரியரானார். வயது வந்தோர் கல்விக்கென உலகில் அமைந்த முதல் பேராசிரியர் பதவி அது என்று கொள்ளப்படுகிறது. ஆனால் பியர்ஸின் துறை செய்தது பெரும்பாலும் வகுப்பு நடத்தும் வேலை. வகுப்பு நடத்துவதையே ஒரு படிப்பாக்கிப் பட்டம் தரும் எண்ணம் வலுப்பெற்றது அமெரிக்காவில்.

அமெரிக்காவில் பட்டமாதல்

1926-இல் கார்னகி அறக்கட்டளையின் ஆதரவோடு அமெரிக்க வயது வந்தோர் கல்விச் சங்கம் உருவானது. அப்போது பரவலாக இருந்த நம்பிக்கை, இளமை கழிந்தால் மூளை புதிதாக எதையும் ஏற்காது என்பது. நாற்பது வயதில் கற்க முடியாதென்றால் அதற்கு ஒரு துறையும் பட்டமும் எதற்கு? அறக்கட்டளையின் உதவியோடு இந்தக் கேள்வியை ஆய்வுக்கு எடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக். வலக்கைப் பழக்கமுள்ளவர்களை இடக்கையால் எழுதப் பழகச் சொன்னார். யாருக்கும் தாய்மொழியல்லாத எஸ்பெராண்டோவைக் கற்கச் சொன்னார். முன்னறிவு யாருக்கும் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தேர்வு.

முடிவுகள் 1928-இல் நூலாக வந்தன. கற்கும் திறன் இருபதுகளின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற மெதுவான அளவிலேயே குறைகிறது என்றார் தார்ன்டைக். அவருடன் பணியாற்றிய இர்விங் லார்ஜ் பின்னர் அந்தச் சரிவையும் கேள்விக்கு உட்படுத்தினார். அந்தத் தேர்வுகள் அளந்தது திறனை அல்ல, வேகத்தை. நேரக் கட்டுப்பாட்டை நீக்கினால் வயதானவர் பின்தங்குவதில்லை என்பது அவர் வாதம். இந்த ஆய்வுகள் துறைக்குத் தந்தது கோட்பாட்டைவிட முக்கியமான ஒன்று: இருப்பதற்கான நியாயம். ஆசிரியர் கல்லூரி 1930-இல் வயது வந்தோர் கல்வித் துறையைத் தொடங்கியது. 1935-இல் இத்துறையின் முதல் இரண்டு முனைவர் பட்டங்கள் அங்கே வழங்கப்பட்டன.

அடுத்த மையம் சிகாகோ. அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்த சிரில் ஹூல் 1961-இல் வெளியிட்ட ஒரு சிறு நூல், விடாது கற்றுக்கொண்டிருந்த 22 பேரை நேர்கண்டு எழுதப்பட்டது. சிலர் ஒரு குறிக்கோளுக்காகக் கற்கிறார்கள். சிலர் ஆட்களோடு கூடியிருக்கும் சுகத்துக்காக வருகிறார்கள். சிலருக்குக் கற்பதே போதும் என்று மூன்றாகப் பிரித்தார். 22 பேரை வைத்துச் செய்த வகைப்பாடு அறுபது ஆண்டுகளாகத் தேர்வுத்தாள்களில் கேட்கப்படுவது வேடிக்கைதான். ஆனாலும் மாலைநேர வகுப்பு எதிலும் இந்த மூன்று பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

ஹூலின் மாணவர் மால்கம் நோல்ஸ், ஒய்.எம்.சி.ஏ.வில் மாலை வகுப்புகளை நடத்திப் பழகியவர். ‘ஆண்ட்ரகாஜி’ என்ற சொல் 1833-லேயே ஜெர்மன் ஆசிரியர் அலெக்சாண்டர் காப் கையாண்டது. யூகோஸ்லாவிய அறிஞர் துஷான் சவிச்செவிச் வழியாக 1967-இல் அதை அறிந்த நோல்ஸ் அமெரிக்காவில் பரப்பினார். வயது வந்தவர் தன் கற்றலைத் தானே நடத்த விரும்புவார், அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவார், உடனடித் தேவைக்காகக் கற்பார் என்பவை அவர் அடிப்படைகள். 1970-இல் வந்த அவர் நூலின் துணைத்தலைப்பு குழந்தைக் கல்விமுறையையும் இதையும் எதிரெதிராக நிறுத்தியது. 1980 பதிப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதாக அதை மாற்றினார். இடைப்பட்ட பத்தாண்டில் பள்ளி ஆசிரியர்கள் பலர், இம்முறை தங்கள் மாணவரிடமும் பலிக்கிறது என்று அவரிடம் தெரிவித்திருந்தார்கள்.

இதற்கிடையே 1957-இல் பேராசிரியர்கள் தமக்கென ஓர் ஆணையம் அமைத்துக்கொண்டனர். 1964-இல் அவர்கள் கூடி எழுதிய தொகுப்பு, கறுப்பு அட்டையால் ‘கறுப்புப் புத்தகம்’ என்றே பெயர் பெற்றது. வளர்ந்துவரும் பல்கலைக்கழகத் துறை என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. கொலம்பியாவில் ஜாக் மெசிரோ, திருமணத்துக்குப் பின் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்தார். அவர் மனைவியும் அப்படித் திரும்பியவரே. படிப்பு அப்பெண்களுக்குப் புதுத் தகவலை மட்டும் தரவில்லை, தங்களைப் பற்றிய எண்ணத்தையே புரட்டிப்போட்டது என்று 1978-இல் எழுதினார். ‘உருமாற்றக் கற்றல்’ கோட்பாடு இங்கிருந்து வந்தது.

பிரேசிலிலிருந்து வந்த குறுக்கீடு

வட அமெரிக்க உளவியலில் ஊறியிருந்த பாடத்திட்டத்தை அசைத்தவர் பாவ்லோ பிரேய்ரே. 1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு தந்ததாக அவர் குழு அறிவித்தது. அவர் முறையில் அகரவரிசை முதலில் வருவதில்லை. செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ போன்ற, அம்மக்கள் அன்றாடம் கையாளும் ஒரு சொல் படத்தோடு முன்வைக்கப்படும். செங்கல் சுமப்பவர் யார், வீடு யாருக்கு என்ற பேச்சு முதலில் நடக்கும். பிறகுதான் சொல் தி–ஜோ–லோ என்று அசைகளாகப் பிரியும்; அந்த அசைகளிலிருந்து கற்போரே புதுச் சொற்களைக் கட்டுவார்கள். 1964-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் வைத்தது; பின் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 1970-இல் அவருடைய முக்கிய நூல் ஆங்கிலத்தில் வந்தபின், அவரைத் தொடாத முதுநிலைப் பாடத்திட்டம் அரிது.

யுனெஸ்கோவில் பால் லெங்கிராண்ட் வளர்த்தெடுத்த வாழ்நாள் கல்விக் கருத்தும், 1972-இல் எட்கர் ஃபோர் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கையும் துறையின் எல்லையைப் பெரிதாக்கின. ஹாம்பர்கில் 1952 முதல் இயங்கிவந்த யுனெஸ்கோ கல்வி நிறுவனம் 2006-இல் வாழ்நாள் கற்றல் நிறுவனம் என்று பெயர் மாறியது. எல்லை விரிந்தபோது நோக்கம் குறுகியது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வாழ்நாள் கற்றல் என்று 1990-களுக்குப் பின் அரசுகள் பேசியபோது, டானியின் வகுப்பை அல்ல, வேலை இழக்காமலிருக்கத் தொழிலாளி தன் செலவில் திறனைப் புதுப்பித்துக்கொள்வதையே மனத்தில் கொண்டிருந்தன. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஹூல் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறையே 2001-இல் மூடப்பட்டது. வேறு பல இடங்களில் படிப்பு மனிதவள மேம்பாட்டோடு இணைந்தது.

இந்தியாவில்

இந்திய வயது வந்தோர் கல்விச் சங்கம் 1939-இல் தோன்றியது. பல்கலைக்கழகம் தாமதமாகவே உள்ளே வந்தது. உதயப்பூரில் வித்யா பவனை நிறுவிய மோகன் சின்ஹா மேத்தா, 1960 முதல் 1966 வரை ராஜஸ்தான் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அக்காலத்தில் ஜெய்ப்பூரில் வயது வந்தோர் கல்வித் துறை உருவாக, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் கைகொடுத்தது. கனடிய அறிஞர் ராபி கிட் ஜெய்ப்பூரில் வந்து தங்கிப் பணியாற்றினார். இதே காலத்தில் கோத்தாரி ஆணையமும் (1964–66) பல்கலைக்கழகங்களின் பங்கை வலியுறுத்தியது.

உண்மையான பெருக்கம் 1970-களின் இறுதியில். கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-இல் அறிவித்தது. 1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேர் அதன் இலக்கு. அத்தனை பேருக்குக் கற்பிக்க மேற்பார்வையாளர், பயிற்றுநர், பாடநூல் எழுதுவோர், மதிப்பிடுவோர் வேண்டுமே! துறைகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் மற்றும் தொடர்கல்வித் துறை இந்த அலையில் வந்தது. யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய, வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேசையா 1975 முதல் 1978 வரை அங்கே துணைவேந்தராக இருந்தது தற்செயல் அல்ல. எழுத்தறிவுக்காக யுனெஸ்கோ வழங்கிய சர்வதேசப் பரிசு ஒன்றுக்குப் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் டெல்லியின் பல்கலைக்கழகங்களும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990-இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இந்த எழுத்தறிவு முயற்சி அறிவொளி இயக்கமாகப் பரவியது. புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிப் பெண்கள் சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டிப் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். வயது வந்தோர் கல்வித் துறைகளுக்கு இதைவிடச் செழிப்பான ஆய்வுக்களம் கிடைத்திருக்காது. ஆனால் புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி 2013-இல் வந்த ஆழமான நூல், பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் எழுதியது. எத்தனை பேர் கற்றார்கள் என்று எண்ணும் மதிப்பீட்டு அறிக்கைகளில் நம் துறைகள் காலம் செலவிட்டன. கையெழுத்துப் போடத் தெரிந்த பெண் மனு கொடுக்கப் போனால் என்ன ஆகிறது என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

அறிவொளியின் வேகம் தணிந்ததும் துறைகள் புது வேலை தேடின. 11-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–12) மானியக் குழு இவற்றை வாழ்நாள் கற்றல் மற்றும் விரிவாக்கத் துறைகளாக மாற்றியது. காந்திகிராமத்திலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் வாழ்நாள் கற்றல் என்ற பெயரே வழங்குகிறது. 2017-இல் ஐந்தாண்டுத் திட்ட முறையே முடிவுக்கு வந்ததால், திட்ட நிதியை நம்பிய பணியிடங்கள் ஆட்டம் கண்டன. ஆய்வுக்கு முதற்படியாக இருந்த எம்.பில். பட்டமும் 2022 விதிமுறைகளோடு போயிற்று.

நேரில் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் வயது வந்தோர் கல்வி எம்.ஏ. வழங்குகிறது. தத்துவ அடிப்படை, முதிர்ந்தோர் கற்றல் உளவியல், பாடநூல் தயாரிப்பு, திட்ட மேலாண்மை, மதிப்பீடு, களப்பணி ஆகியவை எங்கும் பொதுவான பாடங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்விலும் இதற்கு இடம் உண்டு; 46-ஆம் எண் பாடமாக, வயது வந்தோர் கல்வி, தொடர்கல்வி, ஆண்ட்ரகாஜி, முறைசாராக் கல்வி என்ற நான்கு பெயர்களையும் சாய்கோடிட்டுச் சுமக்கிறது. படித்து முடித்தவர்கள் தொண்டு நிறுவனங்களுக்கும், தொழில் நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவுகளுக்கும், ஜன் சிக்ஷண் சன்ஸ்தான்களுக்கும் போகிறார்கள். 1967-இல் பம்பாயில் தொழிலாளர் கல்விக்கூடமாகத் தொடங்கிய இந்த அமைப்பு, 2018-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்திடமிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குக் கைமாறியது.

2020 தேசியக் கல்விக் கொள்கை தன் 21-ஆம் அத்தியாயத்தை வயது வந்தோர் கல்விக்கும் வாழ்நாள் கற்றலுக்கும் ஒதுக்கியது. அதையொட்டி 2022 முதல் 2027 வரைக்குமான புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டம், 15 வயதும் அதற்கு மேலும் ஆன 5 கோடிப் பேரை இலக்காக வைத்துள்ளது. ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். அதாவது ஐந்தாண்டுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 208 ரூபாய். கற்பிப்போர் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். ‘வயது வந்தோர் கல்வி’ என்ற பெயருக்குப் பதில் ‘அனைவருக்கும் கல்வி’ என்று சொல்வதெனவும் ஒன்றிய அரசு அப்போது முடிவு செய்தது. எம்.ஏ. பட்டச் சான்றிதழில் பழைய பெயரே தொடர்கிறது.