கூரையின் விளிம்பு: புதுக்கோட்டை வட்டாரத்தில் மழைக்கும் புயலுக்கும் கட்டடம் காத்த வரலாறு

இமயமலைச் சரிவுகளில் கூரைமேல் படியும் பனி, தன் எடையால் கைமரங்களை ஒடிக்கிறது. கட்டடங்கள் தாங்கவேண்டிய சுமைகளை வரையறுக்கும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர நிர்ணயம், அந்தப் பனிச் சுமைக்கு நான்காம் பகுதியையும் காற்றுக்கு மூன்றாம் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடு கட்டுபவருக்கு நான்காம் பகுதி தேவைப்படாது. ஆனால் குளிர்காலம் கூரையைச் சோதிக்காத ஊர் இதுவும் அன்று. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, கண்மாயை நம்பி வாழும் இந்நிலத்தில், ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அதன் பின்னாலேயே வங்கக் கடலின் புயல் வருகிறது. பனி கூரையை அழுத்துகிறது. மழைநீர் அதற்குள் இறங்குகிறது. புயல் அதைப் பிடுங்குகிறது. பின்னிரண்டையும் இவ்வட்டாரம் எதிர்கொண்ட வரலாற்றை, ஓலையிலிருந்து ஓட்டுக்கும் ஓட்டிலிருந்து கான்கிரீட்டுக்கும் ஏறிய வளர்ச்சியாகச் சொல்வது வழக்கம். சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. கட்டடத்தைக் காத்தவை கூரையின் விளிம்பும் அதை விடாமல் பழுது பார்த்த வழக்கமுமே. பொருளின் வலிமை அவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது.

தமிழகச் சமணக் குகைத்தளங்கள் பலவற்றில், படுக்கைகளுக்கு மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பாறைமேல் வழியும் மழைநீர் உள்ளே திரும்பாமல் முன்னால் சொட்டிப் போவதற்கான ஏற்பாடு அது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையில் இதே தேவை வேறு வடிவில் வெளிப்படுகிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, அதன் முன்னே முகமண்டபமும் எடுத்ததாக அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அந்த முகமண்டபம் காலப்போக்கில் அழிந்தது. தாமரைக் குளம் தீட்டிய விதானம், சாரலுக்கும் வெயிலுக்கும் முன்னைவிடத் திறந்துகிடந்தது. 20ஆம் நூற்றாண்டில், புதுக்கோட்டைச் சமஸ்தான ஆட்சியின்போது, குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து மறுபடியும் ஒரு முன்தாழ்வாரம் எழுப்பினார்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு காலத்தவர் ஒரே முடிவுக்கு வந்தனர்: மலையே கூரையாக இருந்தாலும் அதற்கு முன்னால் நீண்ட ஒரு விளிம்பு வேண்டும்.

நார்த்தாமலை மேலமலையில் நிற்கும் விஜயாலய சோழீச்சுரம் இதைவிட நேரடியான சான்று. சாத்தன் பூதி எடுப்பித்த இக்கற்றளி மழையால் சிதைந்ததென்றும், மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான் என்றும் அங்குள்ள கல்வெட்டே தெரிவிக்கிறது. கல்லால் கட்டிய கோயிலையும் மழை அழித்தது. மறுபணி அதை மீட்டது. கட்டியவன் பெயரோடு பழுது பார்த்தவன் பெயரையும் கல்லில் பொறித்ததிலிருந்து, பராமரிப்பு அக்காலத்தில் கட்டுவதற்கு இணையான அறமாக மதிக்கப்பட்டதை உணரலாம்.

கற்கோயில் கூரையின் வளைந்த விளிம்பான கொடுங்கை என்பது மரமும் ஓலையும் வேய்ந்த காலத்தின் நினைவாகக் கல்லில் தங்கிவிட்ட அலங்காரமே, அதற்குப் பயன் ஏதுமில்லை என்று ஒருவர் மறுக்கலாம். ஆவுடையார்கோயிலின் புகழ்பெற்ற கொடுங்கைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. கருங்கல்லில் மரச்சட்டங்களும் கம்பிகளும் அவற்றைப் பிணைக்கும் குமிழ் ஆணிகளும் தச்சுவேலை போலவே செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அழகு பயனை விலக்கிவிடவில்லை. சுவரைத் தாண்டி வளைந்து இறங்கும் அந்த விளிம்புதான் நீரை அடித்தளத்திலிருந்து தள்ளி விழச் செய்கிறது. மேலும், தச்சர் சட்டத்தோடு சட்டத்தைப் பிணைத்த முறையையும் சிற்பி நினைவாகச் செதுக்கியிருக்கிறார். விளிம்பு நீள வேண்டும், நீண்டது இறுகப் பிணைந்திருக்க வேண்டும் என்ற இரண்டு பாடங்களும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன.

வீடுகளிலும் இதே நெறி தொடர்ந்தது. மாவட்டத்தின் தென்பகுதி நகரத்தார் ஊர்களில், சரிந்த நாட்டு ஓட்டுக் கூரைகள் முற்றத்தை நோக்கி நீரை இறக்கின. மாடித்தளங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, மேலே தட்டோடு பதித்து, வாட்டம் விட்டார்கள். இவை செல்வர் வீடுகள், எளியவர் கதை வேறு என்பது நியாயமான மறுப்பே. என்றாலும் கீற்றுக் குடிசையும் அதே அறிவில்தான் நின்றது: செங்குத்தான சரிவு, மண்சுவரை மறைக்கும் அளவுக்குத் தாழ்ந்த இறவானம், மழைக்கு முன் கூரை பிரித்து மேய்தல். செல்வத்தால் பொருள் மாறியது, முறை மாறவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல், கடுங்காற்றோடு வந்து இம்மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கீற்றும் ஓடும் தகரமும் பறந்தன. கான்கிரீட் வீடுகள் நின்றன. ஆகவே பழைய கூரைகளின் காலம் முடிந்துவிட்டது என்பதே என் வாதத்துக்கு எதிரான வலுவான கூற்று. நீண்ட இறவானத்தின் அடியில் காற்று புகுந்து தூக்கும் என்பதும் உண்மைதான். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலுமே உறிஞ்சு விசை மிகுதி என்று ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியும் காட்டுகிறது. ஆயினும் காற்றுக்கு அஞ்சி விளிம்பை வெட்டினால் மழைக்குச் சுவரைக் கொடுத்தவர்களாவோம். கைமரத்தை விட்டத்தோடும் விட்டத்தைச் சுவரோடும் பட்டை இரும்பால் பிணைப்பதும், ஓர வரிசைகளில் ஆணியையும் போல்ட்டையும் நெருக்கி அடிப்பதும்தான் தீர்வு.

கான்கிரீட்டுக்கும் விலக்கில்லை. வாட்டமில்லாத தளத்தில் நீர் தேங்கி, மயிரிழை விரிசல் வழியே கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, அடிப்பூச்சை உடைத்துத் தள்ளுகிறது. புயலை வென்ற கூரை, பத்துப் பதினைந்து மழைக்காலங்களில் உள்ளிருந்தே உதிரத் தொடங்குவது இப்படித்தான். மேலே தளஓடும், ஜன்னல்களுக்கு மேல் சொட்டுக்காடியோடு கூடிய சன்ஷேடும், அடைப்பு நீக்கிய வடிகுழாயும் இல்லாத கான்கிரீட், பாதி முடிந்த வேலை.

ஆகவே அரசு வீட்டுத் திட்டங்களின் மதிப்பீட்டில் கூரைக்கான செலவைத் தளம் போடுவதோடு நிறுத்தக் கூடாது. விளிம்புக்கும் பிணைப்புக்கும், புரட்டாசிதோறும் செய்யும் பழுதுபார்ப்புக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும். கூரை மேயவும் ஓடு மாற்றவும் தெரிந்த கைகள் குறைந்துவரும் இந்நாளில், அந்த ஒதுக்கீடு வீட்டோடு சேர்த்து ஒரு தொழிலறிவையும் காக்கும்.