தரையிறக்கத்தில் திசைக் கட்டுப்பாடு இழப்பு (தனியார் ஜெட் விமானங்கள்)

தரை தொட்ட விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு விலகி, விமானியால் மீட்க முடியாமல் போவதே திசைக் கட்டுப்பாடு இழப்பு. வேகம் மிகுந்திருக்கையில் வால்பகுதிச் சுக்கானும், குறைந்தபின் மூக்குச் சக்கரமும் பிரேக்கும் விமானத்தை நேராக ஓட்டுகின்றன. சக்கரங்களுக்குப் பிடிப்பு கிடைக்க அவற்றின்மேல் எடை இறங்க வேண்டும். இறக்கைமீது நிமிரும் தடுப்புத் தகடுகள் தூக்குவிசையைக் குலைத்து அந்த எடையைத் தருகின்றன. மிகை வேகத்தில் இறங்கும் விமானம் துள்ளுவதும் பிடிப்பிழப்பதும் இறக்கையில் தூக்குவிசை எஞ்சியிருப்பதால்தான். ஆகவே இத்தகைய விபத்தின் வேரைப் பல நேரங்களில் ஓடுபாதையில் அல்ல, அதற்கு முந்தைய அணுகலில்தான் தேட வேண்டும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து எலிசபெத்டனில், கார்ப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் பயணித்த செஸ்னா சைட்டேஷன் லாட்டிட்யூட் ஜெட் விமானம் சந்தித்த விபத்து இதற்குச் சான்று. துள்ளி இறங்கிய விமானத்தின் சக்கரத் தொகுதி முறிந்து, அது ஓடுபாதையைத் தாண்டித் தீப்பற்றியது. அனைவரும் உயிர் தப்பினர். நிலைப்படாத அணுகலைக் கைவிடாததே காரணம் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். தடுப்புத் தகடுகளை விரிக்காததையும், எதிர் உந்துவிசையை இயக்கியபின் மேலெழ முயன்றதையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. குறுக்குக் காற்று, ஈர ஓடுபாதை, இயந்திரப் பழுது ஆகியவையும் காரணமாகலாமே என்பது நியாயமான மறுப்பு. சக்கரத் தொகுதி திடீரென முறிந்தால் எந்தத் திறமையும் போதாமல் போகலாம். ஆனால் காற்றும் ஈரமும் முன்கூட்டியே அறியக்கூடியவை. அவை விமானியின் பொறுப்பைக் கூட்டுகின்றனவேயன்றிக் குறைப்பதில்லை. தரை தொடுமுன் மீண்டும் மேலெழத் தீர்மானிப்பதே உறுதியான பாதுகாப்பு.