கொடைச் சொற்கள்

கொடைச் சொற்கள் என்பன விலை பெறாமல் ஒன்றை வழங்குவதைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். ஈ, தா, கொடு, தானம், இறையிலி, பள்ளிச்சந்தம், இனாம், இலவசம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. விலை இல்லை என்பது இவற்றின் பொதுத்தன்மை மட்டுமே. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், விட்டுக்கொடுக்கப்பட்டது எது என்பவற்றைப் பொறுத்தே இவை வேறுபடுவதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்துவதில்லை.

இவ்வேறுபாட்டை முதலில் வரையறுத்த நூல் தொல்காப்பியம். கேட்பவர் தாழ்ந்தவராயின் ஈ, ஒத்தவராயின் தா, உயர்ந்தவராயின் கொடு என்கிறது அதன் எச்சவியல். நன்னூலும் இதை வழிமொழிகிறது. தரவு தன்மை முன்னிலைக்கும், கொடை படர்க்கைக்கும் உரியவை என்பது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் கூறும் மற்றொரு விதி. மக்கள் இப்படிப் பேசியதில்லை, இது இலக்கணிகளின் கற்பனை என்பார் உண்டு. முதல் விதிக்கு அம்மறுப்பு ஓரளவு பொருந்தலாம், இரண்டாவதற்குப் பொருந்தாது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு என்னும் பாகுபாட்டை மலையாளம் இன்றும் பேச்சில் காக்கிறது. தமிழ்ப் பேச்சிலோ ‘குடு’ என்பது பல இடங்களில் இரண்டையும் விழுங்கிவிட்டது.

இலக்கணம் கேட்பவரை வைத்துச் சொல்லைப் பிரித்தது. சமணம் கேட்காதவருக்குக் கொடுப்பதை அறமாக்கியது. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நால்வகைத் தானம் சமணர்க்கு விதிக்கப்பட்டது. திகம்பரத் துறவி வாய்விட்டு இரப்பதில்லை. உணவளிப்பவரே வணங்கி அழைக்கிறார். பெறுபவர் உயர்ந்தவராக நிற்கும் இச்செயலை ‘இலவச உணவு’ என்பது பிழை. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்கின்றன. அது பெரும்பாலும் இறையிலி, அதாவது அரசிறை நீக்கப்பட்ட நிலம். உழுதவருக்கு அதனால் சுமை இறங்கிவிடவில்லை. அரசுக்குச் செல்லவேண்டியது பள்ளிக்குச் சென்றது. இன்றைய வாசகருக்கு எளிதில் விளங்க ‘இலவச நிலம்’ என்று எழுதினால் என்ன குறை என்று கேட்கலாம். எளிமைக்காக அப்படி எழுதினால், அரசன் விட்டது வரியை என்பதும், உழவனின் கடமை தொடர்ந்தது என்பதும் மறைந்துபோகும்.

1649இல் பீஜப்பூர், 1677இல் மராட்டியர், 1698இல் மொகலாயர் எனச் செஞ்சிக் கோட்டை கைமாறிய காலத்தில், அரபு மூலமுடைய இனாம் என்னும் சொல் வருவாய்க் கணக்குகளில் வழங்கியது. மேலிருந்து கீழே வழங்கப்படும் வெகுமதி என்பது அதன் பொருள். எனவே அது தானத்துக்கு நேர் எதிரானது. சென்னை மாநிலத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் இனாம்களை ஒழித்தன. அச்சொல் பேச்சில் ‘சும்மா கிடைத்தது’ என்று தேய்ந்தது.

தற்காலத்தில் இலவசம் என்பதே பெருவழக்கு. 2011இல் தமிழக அரசு அதைத் தவிர்த்து ‘விலையில்லா’ என்றது, 2023இல் மகளிருக்கான மாதம் 1,000 ரூபாய் ‘உரிமைத் தொகை’ எனப் பெயர் பெற்றது.